ஜவ்வைப் பிடித்து நிறுத்தும் திருகாணி

“சார், உள்ள வச்ச ஸ்க்ரூவ எப்ப எடுக்கணும்?”

ஜவ்வு ஆபரேஷன் முடிந்து தையல் பிரிக்க வருபவர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி இது. பெரும்பாலும் கேட்பது கூட வந்திருக்கும் அப்பாவோ அண்ணனோதான். சொந்தத்தில் யாருக்கோ கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்து, ஒன்றரை வருடம் கழித்து எடுத்த கதை அவர்கள் வீட்டில் இருக்கும். “தொந்தரவு கொடுக்காத வரைக்கும் எடுக்க வேண்டியதில்லைங்க” என்றால் நம்பியும் நம்பாமலும் தலையாட்டுவார்கள். அந்தத் திருகாணி ஆயுள் முழுக்க முழங்காலுக்குள் கிடக்கலாம். ஆனால் அது உழைப்பது சில வாரங்கள் மட்டும்தான். அந்தச் சில வாரங்கள் கெட்டுப்போகாமல் இருக்க அறுவை அரங்கில் மருத்துவர் பார்க்க வேண்டியவை உண்டு. வீட்டில் நோயாளி பொறுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு.

முழங்காலின் நடுவே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சாய்வாகக் கட்டி வைத்திருப்பது முன் சிலுவைத் தசைநார். மருத்துவர்களுக்கு ஏ.சி.எல்., ஊருக்கு ஜவ்வு. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், திரும்பும்போது முட்டி சுழன்றுவிடாமலும் பார்த்துக்கொள்வது அதுதான். கபடியில் ரெய்டு போனவர் கோட்டை நோக்கிச் சட்டென்று திரும்புகிறார். ஊன்றிய பாதம் மண்ணில் நிற்க, உடம்பு மட்டும் சுழல்கிறது. ‘டப்’ என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முட்டி வீங்குகிறது. சில வாரத்தில் வீக்கம் வடிந்து நடக்கவும் முடிகிறது. அதனால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் படியிறங்கும்போது முட்டி நழுவுகிறது. அதற்கப்புறம் அடிக்கடி நழுவுகிறது. நம் ஊரில் இந்த அறுவைக்கு வருகிறவர்களில் கபடிக்காரர்களும் பைக்கில் விழுந்தவர்களும் நிறைய.

முழுதாக அறுந்த ஜவ்வு பெரும்பாலும் தானாகச் சேர்வதில்லை. பழைய முறையில் தைத்தாலும் நிலைப்பது அரிது. அதனால் நோயாளியின் உடம்பிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள நாணை, இரு முனையிலும் சிறு எலும்புத் துண்டோடு எடுப்பது ஒரு வழி. தொடையின் பின்புறத்து இரண்டு நாண்களை உருவி, நான்கு மடிப்பாக மடித்துக்கொள்வது இன்னொரு வழி. இப்படி எடுத்த கிராஃப்டை, இரண்டு எலும்புகளிலும் துளைத்த சுரங்கங்களின் வழியே இழுத்துப் பொருத்த வேண்டும்.

கிராஃப்ட் வலுவானதுதான். இளம் வயதினரின் இயற்கையான ஜவ்வு ஏறக்குறைய 2160 நியூட்டன், அதாவது சுமார் 220 கிலோ இழுவிசையைத் தாங்கும் என்று 1991-இல் வெளியான ஆய்வொன்று அளந்து சொன்னது. நான்கு மடிப்புத் தொடை நாண் சோதனைக்கூடத்தில் 4000 நியூட்டன் அளவுக்குக் கூடத் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் அதை எலும்பில் பிடித்து வைத்திருக்கும் திருகாணியின் பிடிமானம் சில நூறு நியூட்டன்கள்தான். சாதாரண நடமாட்டத்திலேயே ஜவ்வின் மேல் 454 நியூட்டன் வரை சுமை விழலாம் என்று ஃபிராங்க் நாய்ஸ் 1984-இல் கணித்திருந்தார். முதல் சில வாரங்களில் பலவீனம் எங்கே இருக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது: கிராஃப்ட் அறுவதற்கு முன் பிடி நழுவும்.

இந்தப் பிடியைத் தேடி மருத்துவ உலகம் நெடுங்காலம் அலைந்திருக்கிறது. பிரிஸ்டலில் எர்னஸ்ட் ஹே குரோவ்ஸ், தொடையின் வெளிப்பக்கத்துத் திசுப்பட்டையை எலும்புச் சுரங்கங்களின் வழியே செலுத்தி ஜவ்வை மறுபடி உருவாக்கியது 1917-இல். முட்டிச் சில்லு நாணை இரு முனை எலும்போடு தனியாக எடுத்துப் பொருத்தும் முறையை 1969-இல் கர்ட் ஃபிராங்கே விவரித்தார். எடுத்துப் பொருத்திவிடலாம், நிறுத்துவது எப்படி? நூலால் கட்டினார்கள், பிறகு மாதக்கணக்கில் மாவுக்கட்டு. கட்டைப் பிரிக்கும்போது ஜவ்வு பிழைத்திருந்தாலும் முட்டி மடங்காமல் விறைத்திருக்கும்.

1983-இல் அமெரிக்க எலும்பியல் மருத்துவர் கென்னத் லாம்பர்ட் ஒரு எளிய வழியைச் சொன்னார். எலும்பு முறிவுக்குப் பயன்படும் சாதாரண 6.5 மில்லிமீட்டர் திருகாணியை எடுத்து, சுரங்கத்தின் சுவருக்கும் கிராஃப்டின் எலும்புத் துண்டுக்கும் நடுவே முடுக்கினார். மண்வெட்டிக் காம்பு காதில் ஆடினால் இடுக்கில் ஆப்பு அடித்து இறுக்குவார்களே, அந்தத் தத்துவம்தான். திருகாணி கிராஃப்டைத் துளைப்பதில்லை. பக்கத்தில் புகுந்து நெருக்குகிறது. நான்கு வருடம் கழித்து, 1987-இல், ஜப்பானிய மருத்துவர் மசாஹிரோ குரோசாகாவும் அவருடைய குழுவினரும் 9 மில்லிமீட்டர் தடிமனில் இதற்கென்றே ஒரு திருகாணி செய்து சோதித்தார்கள். பழைய 6.5 திருகாணியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடி கிடைத்தது. முட்டியை மறுநாளே அசைக்கலாம் என்ற துணிச்சல் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆப்பு என்பதாலேயே அதன் தவறுகளும் ஆப்பின் தவறுகள்தான். அவற்றில் முக்கியமானது திசை. திருகாணி சுரங்கத்துக்கு இணையாகப் போக வேண்டும். 15 பாகைக்குள் சாய்ந்தால் பெரிய இழப்பில்லை. 30 பாகையைத் தாண்டினால் நுனி ஒரு பக்கமும் கிராஃப்ட் ஒரு பக்கமும் போய், பிடிமானம் கணிசமாகக் குறைகிறது. தொடை எலும்புப் பக்கம் இந்தச் சிக்கல் அதிகம். துளையிடும்போது முழங்காலை 120 பாகை வரை மடக்கியிருப்பார்கள். திருகாணி போடும் நேரத்தில் உதவியாளரின் கை சோர்ந்து, மடக்கு கொஞ்சம் தளர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தளர்வுதான் சாய்வுக்குக் காரணம். புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, துளையிட்டபோது கால் எந்த மடக்கில் இருந்ததோ அதே மடக்கில் வைத்துத் திருகாணியைப் போடுங்கள் என்பதைத்தான்.

திருகாணியை முடுக்கும் அந்த ஒரு நிமிடத்தை அருகிலிருந்து பார்த்தால் புரியும். நிட்டினால் என்ற கலப்பு உலோகத்தில் செய்த, எளிதில் வளையும் கம்பி ஒன்று முதலில் கிராஃப்டுக்கும் சுவருக்கும் நடுவே போகிறது. திருகாணியின் நடுவில் துளை இருக்கும். அது கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு வருகிறது. சுரங்கத்தின் வாயிலில் சுவரைச் சற்றே செதுக்கிவிட்டிருந்தால் முதல் மரை ஒழுங்காகக் கவ்வும். இல்லையென்றால் திருகாணி கிராஃப்டைத் தன்னோடு இழுத்துச் சுற்றத் தொடங்கும். கிராஃப்டின் இரு முனையிலும் கட்டிய நூலை ஒருவர் விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டியது இதற்காகத்தான். திரையில் கேமராவின் பார்வை மரையின் மேலேயே இருக்கும். வெள்ளை நார்கள் மரையில் சிக்கிப் பிரிந்து வருவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திப் பின்வாங்க வேண்டும். இன்னும் இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்போம் என்பது கிராஃப்டை அறுக்கும் வேலை. தொடை நாணுக்கு மழுங்கிய மரை உள்ள திருகாணியே வேண்டும். சிட்னியில் லியோ பின்செவ்ஸ்கி இதற்கென்றே வட்ட முனையும் மழுங்கிய மரையும் கொண்ட திருகாணியைப் பரவலாக்கினார். எலும்புத் துண்டோடு வரும் கிராஃப்டுக்குப் போடும் கூர் மரையை இதற்குப் போட்டால் நாண் தாங்காது.

எத்தனை இறுக்கம் போதும்? மணிக்கட்டு சொல்லும். கடைசிச் சுற்றுகளில் எதிர்ப்பு படிப்படியாகக் கூடிக்கொண்டே வர வேண்டும். கூடாமல் வழவழவென்று போனால் அளவு போதவில்லை, அல்லது எலும்பு மென்மை, அல்லது சுரங்கத்தின் பின்சுவர் உடைந்திருக்கிறது. மூன்றில் எது என்று தெரியாமல் மேலும் முடுக்குவதில் பயனில்லை.

இரண்டு பக்கத்தில் கீழ்க்கால் பக்கம்தான் எனக்குக் கூடுதல் கவலை தருவது. அங்கே எலும்பு தொடை எலும்பை விட மென்மை. போதாததற்கு, இழுவிசை சுரங்கத்தின் நேர்கோட்டிலேயே வருகிறது. ஜவ்வு அறுந்து மாதக்கணக்கில் காலைத் தாங்கித் தாங்கி நடந்துவிட்டு வருகிறவர்களுக்கு எலும்பு இன்னும் தளர்ந்திருக்கும். இவர்களுக்குச் சுரங்கத்தை விட ஒரு மில்லிமீட்டர் தடித்த, 30 மில்லிமீட்டருக்குக் குறையாத நீளமுள்ள திருகாணி போடுவதும், சந்தேகம் இருந்தால் கிராஃப்டின் நூல்களைக் கீழே இன்னொரு திருகாணியிலோ ஸ்டேப்பிளிலோ கூடுதலாகக் கட்டிவிடுவதும் நல்லது. சில நிமிடம் கூடும், அவ்வளவுதான். முடுக்குவதற்கு முன் முழங்காலை இருபது முறையாவது மடக்கி நீட்டினால் கிராஃப்டின் தளர்ச்சி எடுபட்டுவிடும். பிறகு ஏறக்குறைய நீட்டிய நிலையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருகாணியைப் போடுகிறார்கள்.

திருகாணியின் தலை எலும்பின் மட்டத்துக்கு மேல் ஒரு நூல் அளவும் துருத்தக் கூடாது. தரையில் உட்கார்ந்து எழும், மண்டியிட்டுத் தொழும் மனிதர்கள் நாம். துருத்திய தலை மண்டியிடும்போதெல்லாம் உறுத்தும். திருகாணியை எடுக்க மறுபடி வருகிறவர்களில் பலர் இதற்காகவே வருகிறார்கள்.

டைட்டானியமா, கரையும் ஸ்க்ரூவா? பணம் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் வீட்டார் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். கரையும் திருகாணி பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது. இப்போது பலவற்றில் கால்சியம் பாஸ்பேட்டும் கலக்கிறார்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் படம் தெளிவாக இருக்கும். மறு அறுவையில் உலோகத்தை எடுக்கும் சிரமம் இல்லை. ஆனால் ‘கரைந்துவிடும்’ என்பதை மாதங்களில் எண்ணக் கூடாது, பல வருடங்கள் ஆகும். சிலருக்கு அந்த இடத்தில் நீர்க்கட்டி வரும். இளைஞர்களின் கெட்டியான எலும்பில், மரை வெட்டாமல் முடுக்கினால் திருகாணியே உடையும். முடுக்கியை (ஸ்க்ரூடிரைவரை) அடிவரை செருகாமல் திருப்பினாலும் உடையும். டைட்டானியம் எளிதில் உடையாது, விலை குறைவு, எம்.ஆர்.ஐ. எடுப்பதற்குத் தடையில்லை, அதைச் சுற்றிய பகுதி மட்டும் படத்தில் கலங்கித் தெரியும். முட்டியின் உறுதியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாட்டை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. விலை கூடிய திருகாணிக்காகக் கடன் வாங்குவதை விட, அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். தொடை எலும்புப் பக்கம் திருகாணிக்குப் பதில் எலும்பின் வெளியே உட்காரும் சிறு உலோகப் பொத்தானில் கிராஃப்டைத் தொங்கவிடுவதும் இன்று மிகப் பரவலான முறை. அப்படிச் செய்தாலும் கீழே பெரும்பாலும் திருகாணிதான்.

இனி வீட்டுக் கதை. எலும்புத் துண்டோடு வைத்த கிராஃப்ட் சுவரோடு சேர 6 முதல் 8 வாரம். தொடை நாண் எலும்போடு சேர 8 முதல் 12 வாரம். நியூயார்க்கில் ஸ்காட் ரோடியோ குழுவினர் 1993-இல் வெளியிட்ட நாய்களின் மீதான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: முதல் வாரங்களில் இழுத்தால் நாண் சுரங்கத்திலிருந்தே உருவிக்கொண்டு வந்தது, 12 வாரம் ஆனபின் சுரங்கத்தில் பிடி நின்றது. அதுவரை கிராஃப்டைத் தாங்குவது திருகாணி மட்டும். அதே நேரத்தில் கிராஃப்டுக்குள்ளும் ஒரு மாற்றம் நடக்கிறது. எடுத்து வைத்த நாணுக்கு ரத்த ஓட்டம் இல்லை. அதன் பழைய செல்கள் மடிந்து, புதிய ரத்தக் குழாய்கள் வளர்ந்து, அது மெல்ல மெல்ல ஜவ்வாக மாறுகிறது. மாறும் மாதங்களில் அது வைத்த நாளை விடப் பலவீனமாக இருக்கும். வலி போய், வீக்கம் வடிந்து, ‘முட்டி சரியாயிடுச்சு’ என்று நோயாளிக்குத் தோன்றுவதும் அதே மாதங்களில்தான்.

அதற்காகக் காலைக் கட்டிப்போட வேண்டியதில்லை. இண்டியானாபொலிஸில் டொனால்ட் ஷெல்போர்ன், தான் சொன்ன கட்டுப்பாடுகளை மீறி முன்கூட்டியே நடமாடியவர்கள் நன்றாகத் தேறுவதைக் கவனித்தார். முதல் நாளிலிருந்தே முட்டியை முழுதாக நீட்டவும், தாங்கும் அளவு ஊன்றி நடக்கவும் வைக்கும் முறையை 1990-இல் அவரும் பால் நிட்ஸும் வெளியிட்டார்கள். அவர் வைத்தது எலும்புத் துண்டோடு கூடிய கிராஃப்ட் என்பதை மறந்துவிடக் கூடாது. தொடை நாண் வைத்தவருக்கும் முட்டிக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் தட்டு கிழிந்து அதைத் தைத்தவருக்கும் வேகம் வேறு. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எத்தனை நாளில் ஊன்றினார் என்பது உங்களுக்கு அளவுகோல் ஆகாது. ஆனால் முட்டியை முழுதாக நீட்டுவது எல்லோருக்கும் பொது. படுத்திருக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்வது சுகமாக இருக்கும். அந்தச் சுகம் முட்டியை மடங்கிய நிலையிலேயே நிறுத்திவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

களத்துக்குத் திரும்புவது வேறு கணக்கு. நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்பதாம் மாதம் வரை திரும்புதலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் விகிதத்தை 51 சதவீதம் குறைக்கிறது. ஊர்த் திருவிழாக் கபடிக்கு நான்காம் மாதமே காலில் பட்டி கட்டிக்கொண்டு இறங்க நினைக்கும் தம்பிகள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். காலண்டர் மட்டும் போதாது. அறுவை செய்த காலின் தொடைத் தசை மற்ற காலின் வலுவில் 90 சதவீதமாவது எட்டியிருக்கிறதா, ஒற்றைக் காலில் தாவி உறுதியாக நிற்க முடிகிறதா என்று பிசியோதெரபிஸ்டிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. திருகாணி வரும் பெட்டியில் அதன் தயாரிப்பாளர், உலோகம், விட்டம், நீளம் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றை மருத்துவமனைக் கோப்பில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கும்போது அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவர் அந்த முட்டியைத் திறக்க நேர்ந்தால், எந்த முடுக்கி வேண்டும் என்பது அந்தச் சீட்டைப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும்.