பானட்டுக்குள் கிடந்த உடைந்த போல்ட்

காரின் பானட்டைத் திறந்து வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும்போதோ, பாட்டரி முனையைத் துடைக்கும்போதோ, ஏதாவது ஒரு மூலையில் உடைந்த போல்ட் ஒன்று கிடப்பதை நம்மில் சிலர் பார்த்திருப்போம். "ஏதோ பழைய இரும்பு" என்று அதைத் தெருவில் வீசிவிடுபவர்கள் உண்டு. வண்டியை இனித் தொடவே மாட்டேன் என்று கலங்கிப் போகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். அது எந்த இடத்தைச் சேர்ந்தது, எப்போது உடைந்தது, ஏன் உடைந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் அந்தத் துண்டிலேயே பதில் கிடைத்துவிடும். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 37 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், உடைந்த போல்ட்டுகளைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்திருக்கிறேன். நம் சங்கத்து அன்பர்களில் கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. துண்டைக் கையில் எடுத்ததும் மண்ணெண்ணெயில் கழுவிவிடாதீர்கள். மிச்சத் துண்டும் கிடைத்துவிட்டால் இரண்டையும் பொருத்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதையும் செய்யாதீர்கள். உடைந்த முகம் உரசிவிட்டால் அதிலுள்ள அடையாளங்கள் போய்விடும். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு, அது கிடந்த இடத்தையும் குறித்து வையுங்கள்.

போல்ட் முழுசாக இருந்தால், வேலை பார்த்த மெக்கானிக்கின் கையிலிருந்து நழுவியதாக இருக்கலாம். உடைந்தது என்றால் விஷயம் வேறு. அப்போதும், பழையதை மாற்றிவிட்டுத் துண்டை அங்கேயே விட்டுப் போகிறவர்கள் உண்டு. இதைத் தெரிந்துகொள்ள உடைந்த முகத்தைப் பாருங்கள். அதன் மேலும் என்ஜினைப் போலவே எண்ணெயும் புழுதியும் படிந்திருந்தால், உடைந்து நாளாகிவிட்டது. ஏதாவது ஒரு பகுதியாவது வெள்ளி போலப் பளிச்சென்று இருந்தால், அண்மையில்தான் உடைந்திருக்கிறது. அப்படியானால் அதன் இடம் இப்போது காலியாக இருக்கிறது.

அடுத்தது அளவு. தலைக்கு எந்த ஸ்பானர் சரியாக உட்காருகிறது என்று பாருங்கள். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்களில் 10 எண் ஸ்பானர் என்றால் போல்ட் 6 மி.மீ., 12 என்றால் 8 மி.மீ., 14 என்றால் 10 மி.மீ. ஐரோப்பிய வழக்கில் 8 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 13 ஆக இருக்கும். பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அங்குலக் கணக்கு. 6 மி.மீ. பெரும்பாலும் மூடிகளையும் குழாய்க் கவ்விகளையும் பிடிப்பது. 8, 10 எல்லாம் கனமான உறுப்புகளைத் தாங்குபவை. ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரசர், என்ஜின் மவுன்டிங் போன்றவை இந்த வகை.

தலையின் மேல் எண் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். 8.8 என்றிருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும் என்று பொருள். புள்ளிக்குப் பின்னாலுள்ள 8, அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் நிற்கும் என்பதைச் சொல்கிறது. கணக்குப் போட்டால் 8 மி.மீ. தடிப்புள்ள சின்ன போல்ட் ஒன்று ஏறத்தாழ 3 டன் இழுவையில்தான் அறும். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத பொருள்! அத்தனை வலுவுள்ளது சும்மா உடைந்துவிடுமா? அதனால்தான் காரணத்தைத் தேட வேண்டும் என்கிறேன்.

காரணம் தெரிவது உடைந்த முகத்தில். நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி இருந்தால் அதையும் வைத்துப் பாருங்கள். அளவுக்கு மீறி முறுக்கியதால் அறுந்தது என்றால் முகத்தில் சுழி போன்ற வரிகள் தெரியும். கழுத்து சற்று மெலிந்திருக்கும். மரையும் நீண்டிருக்கும். அதே அளவுள்ள நல்ல போல்ட் ஒன்றை எடுத்து மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று படியாமல் இடையில் ஒளி தெரிந்தால், மரை நீண்டுவிட்டது என்று அறியலாம்.

இன்னொரு வகை முகம் உண்டு. ஒரு பக்கம் வழவழப்பாகவும், கிளிஞ்சல் ஓட்டின் மேலுள்ள வளையங்கள் போல மெல்லிய வளைகோடுகளோடும் இருக்கும். மறுபக்கம் சர்க்கரைக் கட்டியை உடைத்தது போலச் சொரசொரப்பாக இருக்கும். இதைத்தான் உலோக அயர்ச்சி என்கிறோம். தாங்கக்கூடிய சிறு சுமைதான். ஆனால் லட்சக்கணக்கான முறை வந்து வந்து போகிறது. ஓரத்தில் ஒரு மயிரிழை விரிசல் தொடங்கி, நாளாக நாளாக உள்ளே நகர்கிறது. மீதமுள்ள பகுதியால் தாங்க முடியாத அன்று ஒரே நொடியில் முறிகிறது. வழவழப்பான பகுதி பல நாள் கதை, சொரசொரப்பு கடைசி நொடியின் கதை.

இந்தப் பாடத்தை உலகம் ரயில்வேயிடம்தான் படித்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 1842-ஆம் ஆண்டு மே 8 அன்று, வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலில் என்ஜினின் அச்சு முறிந்து 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு திடீரென ஏன் முறிய வேண்டும் என்று அப்போது பலரும் ஆராயத் தொடங்கினார்கள். 1860-களில் பிரஷ்யாவில் அவுகுஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, சுமை எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்பதும் முக்கியம் என்று காட்டினார். ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டு போகிறவரைச் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். அவர் காது கொடுத்துக் கேட்டது விரிசலின் ஓசையைத்தான். பிறகு அச்சுகளை மீயொலியால் சோதிக்கும் முறை வந்தது.

போல்ட்டில் அயர்ச்சி வரப் பெரும்பாலும் காரணம் தளர்ச்சிதான். சரியாக முறுக்கிய போல்ட் இழுத்துக் கட்டிய ஸ்பிரிங் போன்றது. அதிர்வின் பெரும்பங்கை அது இறுக்கிப் பிடித்திருக்கும் உறுப்புகளே வாங்கிக்கொள்ளும். தளர்ந்துவிட்டால் அத்தனை அதிர்வும் போல்ட்டின் மேல் விழும். 'மரை கழன்றவன்' என்று நம் ஊரில் சும்மாவா சொல்கிறார்கள்!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். நாகபுரியிலிருந்து மதுரைக்குக் கிளம்பவிருந்த ஒரு குடும்பம். தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். இரண்டு குழந்தைகள், வயதான தாயார். கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை என்ஜினுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டில் ஒரு போல்ட் துண்டு கிடைத்திருக்கிறது. தெருமுனை மெக்கானிக் பார்த்துவிட்டு, யாரோ விட்டுப் போன பழசு, கவலையில்லாமல் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

"சார், நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்று அந்தத் தம்பி கொண்டுவந்தார்.

தலைக்கு 12 ஸ்பானர் உட்கார்ந்தது. மேலே '7' என்று பொறித்திருந்தது, ஜப்பானிய முறைக் குறி. உடைந்த முகத்தில் முக்கால் பங்கு வழவழப்பு, லேசான பழுப்பு. மீதி சொரசொரப்பு, வெள்ளி நிறம். ஆகவே புதிதாக உடைந்தது. தலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வளையமாகத் தேய்ந்து மினுமினுத்தது, அதன் ஓரத்தில் கருநிறத் தூள். இந்தத் தூள்தான் இடத்தைக் காட்டிக் கொடுத்தது. இரும்பும் இரும்பும் உரசினால் செம்பழுப்புத் தூள் வரும். அலுமினியத்தோடு உரசினால் கறுப்பாக வரும். ஆக, அலுமினிய உறுப்பு ஒன்றைப் பிடித்திருந்த 8 மி.மீ. போல்ட், தளர்ந்து பல நாள் ஆடியிருக்கிறது.

"தம்பி, சமீபத்தில் என்ன வேலை பார்த்தீர்கள்?"

"நாலு மாசம் முன்னாடி ஏ.சி. ரிப்பேர் பண்ணோம் சார்."

என்ஜின் ஆறிய பிறகு டார்ச்சும் ஒரு சிறு கண்ணாடியும் வைத்துக் கம்ப்ரசரைப் பார்த்தோம். நான்கு போல்ட்டில் ஒன்றின் இடம் காலி, சுற்றிலும் கறுப்புக் கறை. பக்கத்திலிருந்தது கைவிரலாலேயே திரும்பியது. அந்த வண்டியில் கம்ப்ரசர், ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்பு மூன்றையும் ஒரே பெல்ட் ஓட்டுகிறது. மீதி போல்ட்டுகளும் போயிருந்தால் கம்ப்ரசர் சாய்ந்து, பெல்ட் கழன்று, தண்ணீர் பம்பு நின்று, நடுவழியில் என்ஜின் கொதித்திருக்கும். ஒரு நாள் தாமதமாகக் கிளம்பினார்கள்.

உங்கள் வண்டியில் தேடும்போது, துண்டு கிடந்த இடத்துக்கு நேர் மேலே தொடங்குங்கள். எண்ணெய்ப் பசை இல்லாத வட்டம், வெறும் ஓட்டை, கறையோ துருவோ வழிந்த கோடு ஆகியவற்றைக் கவனியுங்கள். துண்டு செதில் செதிலாகத் துருவேறி, சூட்டில் நிறம் மாறியிருந்தால் சைலன்சர் பக்கம் போங்கள். மரையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் போலப் படிந்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் பகுதியைப் பாருங்கள். கை வைப்பதற்கு முன் என்ஜினை நிறுத்தி ஆறவிடுவதோடு, சாவியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் மின்விசிறி சில வண்டிகளில் என்ஜின் நின்ற பிறகும் சுழலும்.

இடம் தெரிந்துவிட்டால் மெக்கானிக்கிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்த உறுப்பைப் பிடிக்கும் எல்லா போல்ட்டையும் மாற்ற வேண்டும். உடைந்தவன் விட்ட சுமையைத் தோழர்கள்தானே சுமந்திருக்கிறார்கள். அவற்றிலும் விரிசல் தொடங்கியிருக்கலாம். கடையில் அளவு மட்டும் சொல்லி வாங்காமல், தலையிலுள்ள எண்ணும் மரையின் இடைவெளியும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். 10 மி.மீ. போல்ட்டிலேயே 1.25, 1.5 என்று இரண்டு இடைவெளி புழக்கத்தில் உண்டு. மாற்றிப் போட்டு முறுக்கினால் அலுமினிய மரை அரைந்துபோகும். முறுக்குவதற்கு டார்க் ரென்ச் கேளுங்கள். உள்ளே மாட்டிய துண்டை எடுக்க, நடுவில் புள்ளி குத்தி, இடது பக்கமாகச் சுழலும் டிரில் போட்டால் பல சமயம் துண்டு தானே வெளியே வந்துவிடும். தளர்ந்து உடைந்தது என்றால் உள்ளே இறுக்கம் அவ்வளவாக இராது. துருப்பிடித்து இறுகியிருந்தால் முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடச் சொல்லுங்கள்.