வானத்தைப் பார்த்த அண்ணன், எழுதி வைத்த தங்கை

இரவில் வானத்தைப் பாருங்கள். எத்தனை நட்சத்திரங்கள்! நம் சூரியனும் ஒரு நட்சத்திரம்தான். கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே கூட்டமாக இருக்கின்றன. அதற்கு நட்சத்திர மண்டலம் என்று பெயர். நாம் இருக்கும் மண்டலம் பால்வெளி. வெகு தொலைவில் வேறு மண்டலங்களும் உண்டு. அதில் ஒன்றைக் கண்டுபிடித்த கதை இது.

ஜெர்மனியில் ஹனோவர் என்ற ஊர். அங்கே 1750இல் கரோலின் ஹெர்ஷல் பிறந்தார். பெண்ணுக்கு வீட்டு வேலை போதும் என்று தாய் நினைத்தார். அதிகம் படிக்க விடவில்லை.

22 வயதில் கரோலின் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே அண்ணன் வில்லியம் இருந்தார். அண்ணனிடம் கணக்குக் கற்றார். பெருக்கல் வாய்ப்பாடு மனதில் நிற்கவில்லை. அதனால் என்ன? தாளில் எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்.

வில்லியம் தாமே தொலைநோக்கி செய்தார். அதன் நீளம் 20 அடி. இரவெல்லாம் அதன் வழியே வானத்தைப் பார்ப்பார். இடையில் விளக்கைப் பார்த்தால் கண் கூசும். பிறகு மங்கலான ஒளி தெரியாது. அதனால் அவர் எழுதுவதில்லை. கண்டதை உரக்கச் சொல்வார். கரோலின் விளக்கும் கடிகாரமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணன் சொல்வதை நேரத்தோடு எழுதிக்கொள்வார்.

1787 பிப்ரவரி 22. அன்று வில்லியம் நீளமான ஓர் ஒளித் திட்டைக் கண்டார். எழுதி வைத்ததால் அதன் இடம் மறந்துபோகவில்லை. பின்னால் வந்தவர்களும் அதைத் தேடிப் பார்க்க முடிந்தது.

அது என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1920களில்தான் விடை கிடைத்தது. இத்தகைய திட்டுகள் பல, பால்வெளிக்கு வெளியே உள்ள தனி மண்டலங்கள். இதை எட்வின் ஹப்பிள் என்ற அமெரிக்க அறிஞர் காட்டினார்.

வில்லியம் கண்ட மண்டலத்தின் பெயர் என்.ஜி.சி. 3115. ஆப்பம் போல அதற்கு நடுவில் தடிப்பு, ஓரம் மெல்லிசு. இதை வில்லை வடிவ மண்டலம் என்பார்கள். சூரிய ஒளி நம்மிடம் வர 8 நிமிடம் ஆகிறது. அந்த மண்டலத்தின் ஒளி வர சுமார் 3 கோடி ஆண்டுகள் ஆகின்றன!

1787இல் இங்கிலாந்து மன்னர் கரோலினுக்குச் சம்பளம் தந்தார். ஆண்டுக்கு 50 பவுண்டு. கரோலின் தாமே 8 வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். 1828இல் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

கண் பார்த்தது மறந்துபோகும். கை எழுதியது நிற்கும்.

பதில் சொல்லுங்கள்
1. வில்லியம் ஏன் தாமே எழுதவில்லை?
2. கரோலின் வாய்ப்பாட்டுக்கு என்ன வழி செய்தார்?

செய்து பாருங்கள்
இன்று இரவு வானத்தைப் பாருங்கள். கண்டதைத் தேதி, நேரத்தோடு இரண்டு வரி எழுதுங்கள்.