தேரடி நிலையத்தில் ஏன் ஏ.சி. இல்லை?

கேள்வி: தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையம் குளுகுளுவென்று இருக்கிறது. எங்கள் தேரடியில் வியர்த்துக் கொட்டுகிறது. வடசென்னை என்றால் இளக்காரமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் இதற்குக் காரணம் வேறு. 2021 பிப்ரவரியில் திறந்த வண்ணாரப்பேட்டை – விம்கோ நகர் தடத்தில் தியாகராயா கல்லூரியும் தண்டையார்பேட்டையும்தான் சுரங்க நிலையங்கள். மற்றவை உயர்த்தப்பட்டவை. வடசென்னைக்கு வெளியே உள்ள ஆலந்தூர், கோயம்பேடு உயர்நிலை நடைமேடைகளிலும் ஏ.சி. கிடையாது.

பூமிக்கடியில் காற்றுக்கு வழியில்லை. ரயில் பிரேக் போடும் வெப்பமும், பெட்டியின் ஏ.சி. வெளியே தள்ளும் அனலும் சுரங்கத்திலேயே தங்கும். அதனால் அங்கே குளிரூட்டியே ஆகவேண்டும். நடைமேடை ஓரத்துக் கண்ணாடிக் கதவுகள் ரயில் வந்து நின்றபின் திறப்பது, தவறி விழாமல் காப்பதற்கு மட்டுமல்ல. குளிர்ந்த காற்று சுரங்கத்துக்குள் போகாமலும் தடுக்கும். திறந்தவெளி நிலையத்தில் ஏ.சி. போட்டால் தெருவைத்தான் குளிரவைக்க முடியும்.

அதற்காக வெந்துகொண்டே நிற்கவேண்டும் என்பதில்லை. கடற்காற்று வரும்வரை, முற்பகல் வெயிலில் கூரைத் தகடே அனலைக் கீழே இறக்கும். தகட்டின் அடியில் வெப்பத்தடுப்பு, பெரிய விசிறிகள், குடிநீர் – இவற்றை உரிமையோடு கேளுங்கள். ஏ.சி. இல்லாமலும் வெப்பத்தைத் தணிக்கலாம்: 1856-ல் கட்டிய ராயபுரம் ரயில் நிலையத்தில் உயர்ந்த கூரையும் தூண் வரிசையும் மின்சாரமில்லாமலே நிழலும் காற்றும் தந்தன.