ஜெர்மன் கற்போம்: நிகழ்கால வினைகள்

சென்ற இதழில் எழுத்துகளின் ஒலிகளைப் பார்த்தோம். இனி வினைச்சொல்லுக்கு வருவோம்.

பீன்யாவின் பட்டறைகளில் லேத் ஓட்டுகிற நம்மவர் வீட்டுப் பிள்ளைகளில் சிலர், தொழிற்பயிற்சிக்கும் செவிலியர் வேலைக்கும் ஜெர்மனி செல்ல முயல்கிறார்கள். அங்கிருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விரும்புவோருக்கும் 2007 முதல் பொதுவாக ஏ1 நிலைத் தேர்ச்சி தேவைப்படுகிறது. அத்தேர்வின் பேச்சுப் பகுதியில் பெயர், வயது, ஊர், வசிக்கும் இடம், தெரிந்த மொழிகள், தொழில், பொழுதுபோக்கு ஆகியவற்றைச் சொல்லித் தம்மை அறிமுகம் செய்ய வேண்டும். இதற்கு நிகழ்காலம் ஒன்றே போதும்.

'லெர்னென்' என்றால் படித்தல். கடைசி 'என்' நீங்கினால் 'லெர்ன்' என்ற பகுதி நிற்கும். அதனோடு விகுதி சேருங்கள்:

இஷ் லெர்னெ – நான் படிக்கிறேன்
டூ லெர்ன்ஸ்ட் – நீ படிக்கிறாய்
ஏர், ஸீ, எஸ் லெர்ன்ட் – அவன், அவள், அது படிக்கிறது
வீர் லெர்னென் – நாங்கள் படிக்கிறோம்
ஈர் லெர்ன்ட் – நீங்கள் (பழகிய பலர்) படிக்கிறீர்கள்
ஸீ லெர்னென் – அவர்கள் படிக்கிறார்கள். மரியாதை 'நீங்கள்' என்பதற்கும் இதுவே

தமிழில் 'படிக்கிறேன்' என்பதில் படி, கிறு, ஏன் என்று பகுதியும் இடைநிலையும் விகுதியும் உண்டு. ஜெர்மனில் நிகழ்கால இடைநிலை கிடையாது, பகுதியும் விகுதியும்தான். ஆனால் நாம் 'நான்' என்பதை விட்டுவிட்டுப் 'படிக்கிறேன்' என்று மட்டும் சொன்னாலும் பொருள் விளங்கும். ஜெர்மனில் அப்படி விட முடியாது. 'லெர்ன்ட்' என்றால் அவனா, அவளா, நீங்களா என்று தெரியாதே! 'இஷ்', 'ஏர்' முன்னே வந்தே ஆக வேண்டும். மற்றொன்று: ஒருவரைப் பற்றிப் பேசும்போது 'அவர்' என்ற மரியாதை அங்கே இல்லை, அப்பாவும் 'ஏர்'தான். கேட்கச் சங்கடமாக இருக்கும், பழகிவிடும்.

ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் 'இஷ் பின் லெர்னென்' என்று சொல்லத் துடிப்பார்கள். அது தவறு. தினமும் படித்தாலும், இப்போது படித்துக்கொண்டிருந்தாலும் 'இஷ் லெர்னெ'தான். 'நாளைக்கு வருகிறேன்' என்று நாம் சொல்வது போலவே அவர்களும் 'இஷ் கொம்மெ மோர்கென்' என்பார்கள். இந்த இடத்தில் ஆங்கிலத்தை மறந்து தமிழை நினைத்தால் பிழை வராது.

பகுதி 'ட்' ஒலியில் முடிந்தால் நாக்குக்கு வசதியாக 'எ' நுழையும். 'ஆர்பைட்டென்' (வேலை செய்தல்) 'டூ ஆர்பைட்டெஸ்ட், ஏர் ஆர்பைட்டெட்' ஆகும். நாம் பஸ்ஸைப் 'பஸ்ஸு' என்பதும் நாக்கின் வசதிக்குத்தானே.

சில வினைகளில் 'டூ', 'ஏர்' இரண்டிடத்தில் மட்டும் உயிர் மாறும். 'ஷ்ப்ரெஷென்' (பேசுதல்) 'டூ ஷ்ப்ரிஷ்ஸ்ட், ஏர் ஷ்ப்ரிஷ்ட்' ஆகும். 'ஃபாரென்' (வண்டியில் போதல்) 'டூ ஃபேர்ஸ்ட், ஏர் ஃபேர்ட்' ஆகும். 'வா' என்பது 'வருகிறேன்' ஆவதைப் போல இவற்றையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். 'ஸைன்' (இருத்தல்) எந்த விதிக்கும் அடங்காது: இஷ் பின், டூ பிஸ்ட், ஏர் இஸ்ட், வீர் ஸின்ட், ஈர் ஸைட், ஸீ ஸின்ட்.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு நம் மொழியைக் கற்று, லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சானது. நமது வினை விகுதிகளோடு அவர் பட்ட பாட்டை நினைத்தால், மேலே சொன்ன ஆறு வரி பெரிதல்ல.

தமிழில் வினை கடைசியில் வரும். ஜெர்மனில் இரண்டாம் இடத்தில் வரும். 'இன்று' முதலில் வந்தால்கூட 'ஹொய்டெ ஆர்பைட்டெ இஷ்' என்றே சொல்ல வேண்டும். கேள்வியானால் வினை முன்னே வரும்.

பயிற்சி: (1) நான் பீன்யாவில் வசிக்கிறேன் ('வோனென்'). (2) அவள் இன்று வேலை செய்கிறாள். (3) நீங்கள் தமிழ் பேசுகிறீர்களா?

விடை: (1) இஷ் வோனெ இன் பீன்யா. (2) ஸீ ஆர்பைட்டெட் ஹொய்டெ. (3) ஷ்ப்ரெஷென் ஸீ டாமில்?