ஆங்கில அயற்கூற்றின் காலப் பின்னகர்வும் தமிழாக்கச் சிக்கல்களும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது இடம், காலம், சுட்டு ஆகிய மூன்றும் மாறுகின்றன. இவற்றுள் காலமாற்றம் தமிழின் அயற்கூற்று அமைப்பில் இல்லாதது. ஆங்கில அயற்கூற்றின் இறந்தகால வடிவத்தை அப்படியே தமிழில் தருவதால் மூலக் கூற்றின் பொருளே மாறிவிடும் இடங்கள் உள்ளன. அவ்விடங்களை இனங்கண்டு, மொழிபெயர்ப்பாளருக்கும் ஆசிரியருக்கும் உதவும் அளவுகோல்களை வகுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: நேர்கூற்று, அயற்கூற்று, காலப் பின்னகர்வு, ‘என்று’, ‘தான்’, சுட்டு, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

ஒருவர் கூறியதை மற்றொருவர் எடுத்துரைக்கும்போது கூற்று நிகழ்ந்த காலம், அது எடுத்துரைக்கப்படும் காலம் என இரு காலங்கள் உடன் நிற்கின்றன. அயற்கூற்றிலுள்ள வினை இவற்றுள் எதனை நோக்கிக் காலம் காட்டுகிறது என்பது மொழிக்கு மொழி வேறுபடும். பள்ளி ஆங்கிலப் பாடத்தில் இம்மாற்றம் பெரும்பாலும் விதிகளின் பட்டியலாகவே பயிற்றப்படுகிறது. நிகழ்காலம் இறந்தகாலமாகும், ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும், ‘டுமாரோ’ என்பது ‘த நெக்ஸ்ட் டே’ ஆகும் என மாணவர் மனனம் செய்கின்றனர். இவ்விதிகளுக்குப் பின்னுள்ள காரணம் விளக்கப்படாமையால், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்பும்போது அவர்கள் அதே மாற்றத்தைத் தமிழிலும் செய்துவிடுகின்றனர். செய்தி, சாட்சியம், ஆவணம் ஆகியவற்றின் தமிழாக்கத்தில் இது வெறும் நடைப்பிழையாக நில்லாது, பொருட்பிழையாகவும் முடிகிறது.

ஆங்கிலத்தில் காலப் பின்னகர்வு

கூறல்வினை இறந்தகாலத்தில் இருப்பின் அதனைத் தழுவிய கூற்றின் வினையும் ஒருபடி பின்னகர்தல் ஆங்கிலத்தின் பொதுநெறி. ‘ஐ ஆம் டயர்டு’ என்பது ‘ஷி செட் ஷி வாஸ் டயர்டு’ என மாறும். கூறல்வினை நிகழ்காலத்தில் இருப்பின் (‘ஷி ஸேஸ்’) இம்மாற்றம் இல்லை. கூற்றின் பொருள் எடுத்துரைக்கும் காலத்திலும் உண்மையாக நிலவுமாயின் மாற்றம் கட்டாயமன்று. குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகியோர் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம் இவ்விலக்குகளை விரிவாகப் பேசுகிறது. ஆகவே ‘வாஸ்’ என்னும் இறந்தகால வடிவம் இங்குக் களைப்பு முடிந்துவிட்டது என்று கூறவில்லை. கூறல்வினையின் காலத்தோடு இயைந்து நிற்கிறது என்பதே பொருந்தும்.

தமிழில் காலம் நோக்கும் திசை

தமிழில் அயற்கூற்று, காலங்காட்டும் தொழிற்பெயரோடு ‘ஆக’ சேர்ந்து அமைகிறது. அத்தொழிற்பெயர் காட்டும் காலம் கூற்று நிகழ்ந்த பொழுதை நோக்கியது.

‘களைப்பாக இருக்கிறேன்’ – களைப்பாக இருப்பதாகக் கூறினாள்.
‘களைப்பாக இருந்தேன்’ – களைப்பாக இருந்ததாகக் கூறினாள்.

முதல் தொடரில் களைப்பும் கூற்றும் ஒரே பொழுதில் நிகழ்வன. இரண்டாவதில் களைப்பு கூற்றுக்கு முற்பட்டது. ‘ஷி செட் ஷி வாஸ் டயர்டு’ என்பதை ‘இருந்ததாக’ எனப் பெயர்ப்பவர், கூறிய பொழுதில் இருந்த நிலையை முன்னரே முடிந்த நிலையாக்கிவிடுகிறார். சம்பவ நாளன்று தாம் நோயுற்றிருப்பதாக ஒருவர் தெரிவித்தமையும், அதற்குமுன் நோயுற்றிருந்ததாகத் தெரிவித்தமையும் சாட்சியத்தில் ஒன்றாகா.

ஆங்கில இறந்தகால வடிவம் எங்கெல்லாம் பின்னகர்வால் வந்தது என்பதை அறிய வினையின் இயல்பு துணைசெய்கிறது. நிலையையோ வழக்கத்தையோ குறிக்கும் வினையாயின் அது பெரும்பாலும் கூற்றோடு உடனிகழ்வதாகும். ‘ஹீ செட் ஹீ வொர்க்டு இன் எ பேங்க்’ என்பது பொதுவாக ‘வங்கியில் பணிபுரிவதாகக் கூறினார்’ எனப்படும். ஒருமுறை நிகழ்ந்து முடியும் செயலைக் குறிப்பின் அது கூற்றுக்கு முற்பட்டதாகும். ‘ஹீ செட் ஹீ லெஃப்ட் ஆன் மண்டே’ என்பது ‘திங்களன்று புறப்பட்டதாகக் கூறினார்’ எனப்படும். ஐயம் எஞ்சுமிடத்துச் சூழலே முடிவுசெய்யும்.

ஒருங்கிணையும் மூன்று காலங்கள்

பின்னகர்வால் ஆங்கிலம் இழக்கும் வேறுபாடு ‘ஹேவ்’ என்பதன் இறந்தகால வடிவமாகிய ‘ஹேட்’ வருமிடத்தில் தெளிவாகிறது. நேர்கூற்றில் தனித்தனியாக நிற்கும் மூன்று வடிவங்கள் அயற்கூற்றில் ‘ஹேட்’ என்னும் ஒன்றில் அடங்கக்கூடும். தமிழ் அவற்றைப் பிரித்தே காக்கிறது.

அமைத்தோம் – அமைத்ததாகக் கூறினார்.
அமைத்திருக்கிறோம் – அமைத்திருப்பதாகக் கூறினார்.
அமைத்திருந்தோம் – அமைத்திருந்ததாகக் கூறினார்.

அமைச்சர் ஒருவர் குழு அமைத்துள்ள செய்தியை ‘ஹேட்’ கொண்டு எழுதும் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்குபவர் ‘அமைத்திருந்ததாக’ என எழுதுவாராயின், அக்குழு இப்போது இல்லை என்னும் குறிப்பு தோன்றக்கூடும். ‘அமைத்திருப்பதாக’ என்பதே குழுவின் இருப்பைக் காட்டும். ‘ஹேட்’ கண்டவுடன் ‘இருந்த’ என்பதைச் சேர்க்கும் வழக்கத்தை விடுத்து, மூலக் கூற்று எவ்வடிவில் இருந்திருக்கும் என மீட்டுரைத்துப் பார்த்தல் வேண்டும்.

தமிழும் ஒரு வேறுபாட்டை இழக்கிறது. ‘வருகிறேன்’, ‘வருவேன்’ ஆகிய இரண்டும் ‘வருவதாக’ என ஒன்றாகின்றன. ‘வருகிறதாக’ என்னும் வடிவம் இக்கால எழுத்து வழக்கில் அருகியே காணப்படுகிறது. ஆங்கிலம் ‘வாஸ் கமிங்’, ‘வுட் கம்’ எனப் பிரித்துக் காட்டும். செயல் நடந்துகொண்டிருந்தமையை வலியுறுத்த வேண்டுமிடத்துத் தமிழில் ‘வந்துகொண்டிருப்பதாக’ என விரித்தல் தகும்.

‘என்று’, ‘தான்’

‘என’, ‘என்று’ ஆகியவற்றைத் தொல்காப்பிய இடையியல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகிய ஆறு நிலைகளில் வருவனவாக வகுக்கிறது. கூற்றைத் தாங்கும் இச்சொல் ஆங்கில ‘தட்’ போன்று கூற்றின் முன் நில்லாமல் அதன் இறுதியில் நின்று எல்லை காட்டுகிறது. அதனால் கூற்றின் வினைமுற்றும் விகுதியும் சிதையாமல் நிற்கின்றன. வினாவை எடுத்துரைக்கத் தமிழுக்கு இதுவே வழி. ‘வருகிறாயா என்று கேட்டான்’ என்பதை ‘ஆக’ கொண்டு மாற்ற இயலாது. ஆங்கிலத்திலோ ‘இஃப்’, ‘வெதர்’ சேர்வதுடன் வினாவின் சொல்வரிசையும் திருப்பப்படுகிறது. ஏவலில் இருமொழியும் நெருங்கி வருகின்றன. ‘டோல்டு ஹிம் டு கோ’ என்பதும் ‘போகச் சொன்னார்’ என்பதும் எச்ச வடிவத்தையே கொள்கின்றன.

‘ஆக’ அமைப்பில் இடங்காட்டும் விகுதி கெடுவதால் எழுவாயின் பொறுப்பு மிகுகிறது. ‘முருகன் செட் ஹீ ஹேட் வன்’ என்பதில் ‘ஹீ’ முருகனா, வேறொருவனா என்பது தெளிவில்லை. தமிழில் ‘தான் வென்றதாக’ என்பது முருகனையும், ‘அவன் வென்றதாக’ என்பது இயல்பாகப் பிறனையும் சுட்டும். ‘தான் வருவேன் என்று சொன்னான்’ என்பதில் எழுவாய் படர்க்கையாகவும் விகுதி தன்மையாகவும் அமைவதைச் சந்தியா சுந்தரேசன் தம் 2012ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வில் ஆராய்ந்துள்ளார். நேர்கூற்று, அயற்கூற்று என்னும் இருபாற் பகுப்பில் மட்டும் இத்தொடரை அடக்க இயலாது.

சுட்டும் வினைத்தேர்வும்

‘இன்று–அன்று’, ‘இங்கு–அங்கு’, ‘இது–அது’ எனச் சுட்டெழுத்தின் மாற்றத்தாலேயே தமிழ் அயற்கூற்றுச் சுட்டுகளைப் பெறுகிறது. பட்டியல்கள் பெரிதும் கருதாத மற்றொரு மாற்றமும் உண்டு. வரவும் தரவும் தன்மை, முன்னிலைகளுக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறுகிறது. ‘உன் வீட்டுக்கு வருகிறேன்’ என்று கண்ணனிடம் முருகன் கூறியதைப் பிறர் எடுத்துரைக்கும்போது ‘கண்ணன் வீட்டுக்குப் போவதாகக் கூறினான்’ என வினையே மாறுகிறது. ஆங்கிலத்திலும் ‘கம்’, ‘கோ’ இவ்வாறு மாறக்கூடும். இடம் மாறும்போது வினைச்சொல்லும் மாறலாம் என்பதைத் தமிழ் மாணவருக்கு விளக்க இந்நூற்பாக் கருத்து மிகவும் பொருத்தமானது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு:

1. ஆங்கில அயற்கூற்றின் காலம் கூறல்வினையோடு இயைந்து பின்னகர்கிறது. தமிழ் அயற்கூற்றின் காலம் கூற்று நிகழ்ந்த பொழுதை நோக்குகிறது.

2. தமிழாக்கத்தின்போது பின்னகர்ந்த காலத்தை மீட்டு, மூல நேர்கூற்றை முதலில் உருவாக்கிக்கொண்டு, அதிலிருந்தே அயற்கூற்றை அமைத்தல் வேண்டும்.

3. நிலைவினை, நிகழ்ச்சிவினை என்னும் வேறுபாடு இம்மீட்புக்கு முதன்மையான துணையாகும்.

4. இடக்குழப்பம் நேருமிடத்துத் ‘தான்’ என்பதைப் பயன்படுத்திப் பொருளைத் தெளிவாக்கலாம்.

அயற்கூற்றைச் சொல்மாற்றப் பயிற்சியாக மட்டும் கற்பிக்காமல், யார், எப்பொழுது, எங்கிருந்து பேசுகிறார் என்னும் வினாக்களோடு கற்பித்தால் மாணவர் இருமொழியிலும் பிழைதவிர்ப்பர். பிறர் கூற்றை அவர் கருதிய காலத்தோடு ஒப்படைப்பது எடுத்துரைப்பவரின் கடமையாகும்.