மூன்றாவது பந்து கையில் நிற்கும்வரை



தம்பி, பேஸ்பாலில் மூன்று ஸ்ட்ரைக் வாங்கிய பேட்டர், கேட்சர் பந்தைக் கோட்டைவிட்டதும் முதல் பேஸுக்கு ஓடுவது உனக்கு அநியாயமாகத் தெரிகிறது. தனுஷ்கோடி மணலில் நீங்கள் ஆடுவதோ கிரிக்கெட். அந்தக் கிரிக்கெட்டிலேயே இதற்கு விடை உண்டு. 2016 மார்ச் 23, பெங்களூரு, டி20 உலகக் கோப்பை. கடைசிப் பந்தில் இந்தியாவுக்கு எதிராக வங்கதேசம் வெல்ல 2 ரன் வேண்டும். ஹார்திக் பாண்டியா வீசிய பந்து மட்டையில் படாமல் விக்கெட் கீப்பர் தோனியின் கைக்குப் போனது. ஆனாலும் பேட்டர்கள் பை ரன்னுக்கு ஓடினார்கள். தோனி ஓடிவந்து ஸ்டம்பைச் சாய்த்த பிறகுதான் இந்தியா 1 ரன்னில் வென்றது. மட்டையில் படாத பந்துக்கு ஏன் ஓடினார்கள் என்று யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒருவரை அவுட்டாக்கும் வேலையை ஃபீல்டிங் அணிதான் முடிக்க வேண்டும் என்பதே இந்த விதியின் அடிப்படை. 1845-இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் எழுதிய விதியில் இது தெளிவாக இருக்கிறது: மூன்று முறை மட்டையை வீசித் தவறி, கடைசிப் பந்து பிடிபட்டால் அவுட், பிடிபடாவிட்டால் அடித்த பந்தாகவே கொண்டு அவர் ஓட வேண்டும். ஆக, ஸ்ட்ரைக்அவுட்டும் பிறப்பில் ஒரு கேட்ச்தான். இன்றும் பந்து தரையில் படுமுன் கேட்சர் பிடிக்க வேண்டும். தவறினால் பேட்டரைப் பந்தால் தொட வேண்டும், அல்லது அவர் சேருமுன் பந்து முதல் பேஸுக்குப் போய்ச்சேர வேண்டும். தோற்றவருக்குப் பரிசா என்று கேட்பாய். ஓடித் தப்பினாலும் ஸ்ட்ரைக்அவுட் பேட்டரின் கணக்கில் ஏறத்தான் செய்யும். விதிவிலக்கையும் பார்: முதல் பேஸில் ஆள் நின்று, அதுவரை அவுட்டானவர்கள் இரண்டு பேருக்கும் குறைவாக இருந்தால், பந்து நழுவினாலும் பேட்டர் அவுட். இல்லாவிட்டால் கேட்சர் வேண்டுமென்றே பந்தைக் கீழே போட்டு, ஓடியே தீரவேண்டிய இருவரையும் சேர்த்து வீழ்த்திவிடுவார். இரண்டு பேர் ஏற்கெனவே அவுட் என்றால் அந்தத் தந்திரத்தால் லாபமில்லை. அதனால் அப்போது விதி மீண்டும் செல்லும்.

கேட்சர்கள் பெரும்பாலும் பிடித்துவிடுகிறார்களே, பிறகு இந்த விதி எதற்கு என்பது வலுவான கேள்வி. அதற்கு ஓர் ஆட்டமே பதில்: 1941 அக்டோபர் 5, பேஸ்பால் உலகத் தொடரின் நான்காவது ஆட்டம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் 4-3 என முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். எதிரணியான யாங்கீஸின் டாமி ஹென்ரிச் மூன்றாவது ஸ்ட்ரைக்கில் மட்டையை வீசித் தவறினார். பந்து கேட்சர் மிக்கி ஓவனைத் தாண்டி ஓடியது. ஹென்ரிச் முதல் பேஸைத் தொட்டார், யாங்கீஸ் 7-4 என வென்றது. அரிதாகத்தான் நடக்கும். ஆனால் நடக்கலாம் என்ற பயம் மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கான ஒவ்வொரு பந்திலும் இருக்கிறது. அது இல்லையென்றால், பேஸில் ஆள் இல்லாதபோது பிட்சர் மண்ணில் குத்தும் பந்தைத் துளியும் தயங்காமல் எறிவார். கேட்சரும் முட்டி போட்டு அதை நெஞ்சால் தடுக்க மெனக்கெட மாட்டார்.