டவுன் சிண்ட்ரோம்: மறதி நோய்க்கு இப்போதே தடுப்பு மருந்தா?

நம்பிக்கை: டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு வயதானால் மறதி வரத்தான் செய்யும். அது அவர்களின் இயல்பு.

இல்லை. சிறுவயதில் பேச்சும் படிப்பும் மெதுவாக வருவது மூளை வளரும் விதத்தால். நடுவயதில் வரும் மறதி வேறு, அது அல்சைமர் நோய். மூளையில் படிந்து கெடுக்கும் அமிலாய்டு, ஏபிபி என்ற மரபணு தரும் புரதத்திலிருந்து உருவாகிறது. அந்த மரபணு இருப்பது 21ஆம் குரோமோசோமில். டவுன் சிண்ட்ரோமில் அந்தக் குரோமோசோம் மூன்றாக இருப்பதால் அமிலாய்டும் கூடுதலாகச் சேர்கிறது. 40 வயதுக்குள் அநேகமாக எல்லோருடைய மூளையிலும் அது படிந்துவிடும். பெரும்பாலோருக்கு 50 வயதையொட்டி மறதி தெரியவரும்.

1998இல் வெளியான ஓர் ஆய்வை ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டும் என்பேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள 78 வயதுப் பெண்மணி ஒருவருக்கு 21ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி மட்டுமே மூன்றாக இருந்தது. ஏபிபி மரபணு எல்லோருக்கும் போல இரண்டுதான். அவருக்கு மறதி நோய் வரவே இல்லை. காரணம் இன்னதென்று தெரிந்துவிட்டதால்தான் தடுக்க முடியும் என்ற நம்பிக்கையும் பிறந்திருக்கிறது.

நம்பிக்கை: தடுப்பு மருந்து கொடுத்தால் பிள்ளையின் குணமே மாறிவிடும்.

இந்தப் பயத்தில் பாசம் இருக்கிறது, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் தடுப்புக்காகச் சோதிக்கப்படும் இந்த மருந்துகள் குறிவைப்பது அமிலாய்டைத்தான். பிள்ளையின் சிரிப்பும் பிடிவாதமும் அதிலிருந்து வருவதல்ல. அதே காரணத்தால், இவை படிப்பைக் கூட்டிவிடும் என்று எதிர்பார்க்கவும் இடமில்லை.

நம்பிக்கை: அமெரிக்காவில் ஊசி வந்துவிட்டது. சின்ன வயதிலேயே போட்டுவிட்டால் நல்லது.

அமிலாய்டை அகற்றும் ஊசி மருந்துகளான லெக்கனெமாப் 2023இலும் டோனனெமாப் 2024இலும் அங்கே முழு அனுமதி பெற்றன, அதுவும் மறதியின் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு. அனுமதிக்கு அடிப்படையான பெரிய சோதனைகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. இவர்களுக்கு மூளை இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் அமிலாய்டு அதிகம் படிவதால், வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்படுமோ என்ற கவலை மருத்துவர்களுக்கு உண்டு. இவர்களுக்கென்று தனியாகத் தொடங்கிய சோதனைகளும் பெரியவர்களிடம்தான் நடக்கின்றன. குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று நிரூபணமான தடுப்பு மருந்து இன்று ஒன்றுகூட இல்லை.

ஞாபகசக்தி டானிக்குகளிடமும் எச்சரிக்கை தேவை. நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் பிராசெட்டாம் என்ற மருந்தை இந்தக் குழந்தைகளுக்கே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001இல் வந்தது. பலன் இல்லை. சில குழந்தைகளுக்கு முரட்டுத்தனமும் தூக்கக் கெடுதலும் வந்தன.

பணமும் கவனமும் போக வேண்டிய இடங்கள் வேறு: ஆண்டுதோறும் தைராய்டு பரிசோதனை, காது பரிசோதனை, குறட்டை விட்டால் தூக்கப் பரிசோதனை. இவை அல்சைமரைத் தடுக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தைராய்டு குறைவும் காது மந்தமும் பார்வைக்கு மறதி நோய் போலவே இருக்கும், சரிசெய்யவும் முடியும். பிள்ளை 35 வயதைத் தொடுவதற்குள், தானே குளிப்பது, பஸ் ஏறிப் போவது, சில்லறை எண்ணுவது என அவர் செய்வதையெல்லாம் எழுதியும் வீடியோ எடுத்தும் வையுங்கள். பின்னாளில் ஏதாவது மாறினால், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.